வெள்ளை நிற்கும் இடம்

உங்கள் ஸ்டேஷன் பேனா இரண்டு வரிக்கு மேல் எழுத மறுக்கிறது மேடம். அதனால் என் சட்டைப் பையில் இருந்த பேனாவிலேயே எழுதுகிறேன். பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் தீபாவளிக்குக் கொடுத்தது. பக்கவாட்டில் ஒரு கத்தரிக்காய்ப் படம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு என் வாக்குமூலத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் என்னைப் போகச் சொல்லிவிட்டீர்கள் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் என்னை அடித்து வாங்கினீர்கள் என்று சொல்லக் கூடாது பாருங்கள். கரும்புத் தீயில் இறந்துபோன நாராயணசாமியின் போனிலிருந்து, அந்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு எனக்கு வந்த அழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. மருந்து பற்றி விசாரித்தார் என்றேன். நீங்களும் குறித்துக்கொண்டீர்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். அப்போதுதான் பைலை மூடிக்கொண்டே, "இன்னா சார் பண்றது, அவரு கெட்ட நேரம், காத்து அப்படி அடிச்சிருக்குது" என்றீர்கள். காற்று அடித்ததாம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து பேப்பர் கேட்டது அதனால்தான்.

என் பெயர் சிவசங்கர். வயது நாற்பத்து நான்கு. ரிஷிவந்தியத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். சிகரெட் கிடையாது, குடி கிடையாது. ஒரே ஒரு பழக்கம், பூல் ஆட்டம். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் தங்கதுரை என்பவன் இரண்டு மேஜை போட்டு வைத்திருக்கிறான். பதினொரு வருஷமாக வாரத்துக்கு மூன்று சாயங்காலம் அங்கே போகிறேன். என் பெண்டாட்டி முதலில் சந்தேகப்பட்டு ஒரு நாள் பின்னாலேயே வந்து பார்த்தாள். குனிந்து குச்சியால் பந்தைத் தட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, இதற்கு வேறு ஏதாவது கெட்ட பழக்கமே இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீங்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை என்றீர்கள். இந்த வழக்கைப் புரிந்துகொள்ள அது கொஞ்சம் தெரிந்தாக வேண்டும். மேஜையில் ஆறு குழி. கலர் கலராகப் பந்துகள். வெள்ளைப் பந்து ஒன்றைத்தான் குச்சியால் அடிக்கலாம். அது போய் மற்றதைத் தட்டிக் குழியில் தள்ள வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாரும் குழியில் விழுகிற பந்தையே பார்ப்பார்கள். ஆடத் தெரிந்தவன் அதைப் பார்க்க மாட்டான். தட்டிய பிறகு வெள்ளை எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பான். ஏனென்றால் அடுத்த பந்தை அங்கிருந்துதான் அடித்தாக வேண்டும்.

உங்கள் மேஜை மேல் இருக்கும் கண்ணாடிக் குண்டையே வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தட்டினால், மோதிய இடத்திலேயே நிற்கும். கொஞ்சம் மேலே தட்டினால் மோதிய பந்தின் பின்னாலேயே போகும். கீழே தட்டினால் வந்த வழியே திரும்பி வரும். அவ்வளவுதான் வித்தை. இந்த மூன்றில் எதை எப்போது எடுப்பது என்பதில்தான் ஆயுசு போய்விடும். நான் ஒரு நோட்டில் படம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே இருக்கும்: தேவைக்கு மேல் வெள்ளையை நடக்க விடாதே. மெல்லத் தட்டினால் போதுமென்றால் ஓங்கி அடிக்காதே. குறுக்கே ஒரு பந்து மறைத்து நின்றால் அதைப் பார்த்துப் புலம்பாதே, முன்கூட்டியே அதை ஓர் ஓரமாக நகர்த்தி வை. அந்த நோட்டு என் கடையில் கல்லாப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பக்கங்களை மடிக்க வேண்டாம்.

இனி இளவரசன். நாராயணசாமியின் ஒரே மகன். இருபத்தாறு வயது. கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறான். ஏறும்போது ஆட்கள், இறங்கும்போது சாமை மூட்டையும் கடுக்காய் மூட்டையும். பூல் ஆட வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. குச்சியைப் பிடிக்கிற பிடியே தப்பு. எதைக் கொடுத்தாலும் ஓங்கி ஒரு அடி. வெள்ளை மலைப்பாதை பஸ் மாதிரி ஒவ்வொரு முனையிலும் திரும்பித் திரும்பி மேஜை முழுக்கச் சுற்றிவிட்டு வரும். எங்கே நிற்கும் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் பந்து விழும். நினைத்த பந்து விழாவிட்டால் நினைக்காத பந்து வேறொரு குழியில் விழும். பையன்கள் விசில் அடிப்பார்கள். இவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பான்.

போன வருஷப் பொங்கல் போட்டியின் கடைசி ஆட்டத்தில் எனக்கு எதிரே அவன். நான் ஆறு பந்தை வரிசையாகப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வெள்ளை நான் நினைத்த இடத்தில், ஒரு சாண்கூடத் தள்ளாமல் நின்றது. ஒரு ஆள் கைதட்டவில்லை. பிறகு அவன் கடைசிப் பந்தை ஓங்கி அடித்தான். அது அவன் குறி வைத்த மூலையில் பட்டுத் திரும்பி, எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்து மறுபடி வந்து, நடுக் குழியில் விழுந்தது. மாடியே அதிர்ந்தது. தங்கதுரை அவனைக் கோப்பையோடு போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டினான். பதினொரு வருஷத்தில் என் போட்டோ எந்தச் சுவரிலும் ஏறியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதை ஒளித்து என்ன ஆகப் போகிறது.

அன்றைக்கு நான் கேட்டது ஒன்றுதான். இன்ன பந்து இன்ன குழி என்று முதலில் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும், சொல்லாத குழியில் விழுந்தால் செல்லாது என்று சட்டம் போடுங்கள் என்றேன். பெரிய ஊர்களில் எல்லாம் அப்படித்தான் ஆடுகிறார்கள். தங்கதுரை சிரித்தான். இளவரசன் என் தோளில் கை போட்டு, ரொம்ப அன்பாகத்தான் சொன்னான்.

"அண்ணே, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க."

ஒரு வருஷம் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்கினேன் என்று கேட்காதீர்கள்.

இந்த மாசியில் மறுபடி போட்டி. மறுபடி கடைசி ஆட்டத்தில் அவனும் நானும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்று தங்கதுரை போர்டில் எழுதினான். அவனை ஆடவிடாமல் தடுக்க நான் நினைத்ததே இல்லை. அப்படி ஜெயிப்பதில் என்ன மரியாதை இருக்கிறது. அவன் வர வேண்டும், ஆட வேண்டும். ஆனால் உள்ளங்கை கொப்புளித்து, தோள் இறுகி, ஓங்கி அடிக்க முடியாதவனாக வர வேண்டும். மெல்லத்தான் அடிக்க முடியும் என்றானால், மெல்ல அடிக்கத் தெரிந்தவன் யார் என்று மாடியில் இருக்கிற எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எந்த ஷாட் எடுப்பது என்று நிதானமாக யோசித்தேன். ஜீப்பில் கை வைக்கலாம். ஆனால் அது முரட்டு அடி. மலைப்பாதையில் ஓடுகிற வண்டி, உள்ளே பத்துப் பேர் இருப்பார்கள், குழந்தை குட்டிகள் இருக்கும். நான் அந்த மாதிரி ஆள் இல்லை. டீயில் பேதி மருந்து கலக்கலாம். அது சின்னப் பிள்ளை விளையாட்டு. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தபோதுதான் நாராயணசாமி கடைக்கு வந்து, கரும்புக்கு இன்னும் வெட்டு உத்தரவு வரவில்லை என்று வழக்கம்போலப் புலம்ப ஆரம்பித்தார்.

அவருக்கு இரண்டு ஏக்கர் கரும்பு, சால் பிடித்து வரிசை வரிசையாக நட்டது. பதின்மூன்று மாசம் ஆகிப் பூவும் விட்டுவிட்டது. ஆலையில் வரிசைப்படிதான் உத்தரவு கொடுப்பார்கள். நாள் தள்ளத் தள்ளக் கரும்பு காய்ந்து எடை கம்மியாகும். தினமும் வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டுப் போவார். தீப்பட்ட கரும்புக்கு மட்டும் வரிசை கிடையாது, மறுநாளே உத்தரவு. ஏனென்றால் எரிந்த கரும்பை விட்டு வைத்தால் புளித்துவிடும். விலையில் ஏதோ கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். இது தெரிந்து தன் கரும்புக்குத் தானே தீ வைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. நானே அவரிடம் அதை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். வளர்த்த பயிரைத் தானே கொளுத்துவதற்குத் தன் கை வராது என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் மற்றவர்களுக்கு எவ்வளவு வேலை பாருங்கள்.

தீப்பட்ட கரும்பை வெட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். உடம்பெல்லாம் கரியாகும் என்று கூலிக்கு வெட்டுகிற கும்பல் ஆட்கள் ஒதுங்குவார்கள். வீட்டு ஆட்கள்தான் இறங்கியாக வேண்டும். வெள்ளிக்கிழமை தீப்பட்டால் சனிக்கிழமை முழுக்க இளவரசன் கையில் கொடுவாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கையில் பூல் குச்சி. இதில் யாருக்கு என்ன நஷ்டம். அவர்களுக்கு இரண்டு மாசமாகக் கிடைக்காத உத்தரவு ஒரே நாளில் கிடைக்கும். ஒரு விதத்தில் பார்த்தால் நான் செய்ய நினைத்தது உதவி. அப்படித்தான் நானும் நோட்டில் எழுதி வைத்தேன்.

தீயை நான் வைக்க முடியாது. நான் வெள்ளையைத் தட்டுகிறவன், குழியில் கை விடுகிறவன் இல்லை. அவர் நிலத்துக்குக் கிழக்கே பாவாடை குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கிறான். இப்போது உங்கள் வாசல் பெஞ்சில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். அவன் கரும்பு வெட்டி முடிந்து பத்து நாள். சோகை, அதாவது கழித்துப் போட்ட காய்ந்த கரும்புத் தோகை, முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதைக் கொளுத்துவது எங்கள் ஊரில் வழக்கம். கொளுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெயில் இறங்கிக் காற்று அடங்கிய பிறகுதான் வைப்பார்கள். வைப்பதற்கு முன்னால் பக்கத்து நிலத்துக்காரரிடம் சொல்வார்கள். அவர் பச்சை வேப்பங்கொத்தோடு பொது வரப்பில் வந்து நிற்பார். பொறி தாண்டினால் அடித்து அணைப்பார். வருஷக்கணக்கில் பேச்சில்லாத பங்காளிகள்கூட அந்த ஒரு மணி நேரம் மட்டும் வரப்பில் வந்து நின்றுவிட்டு, பேசாமலேயே வீட்டுக்குப் போவார்கள்.

ஆக, குறுக்கே நிற்கிற பந்து நாராயணசாமி. அவர் வரப்பில் வேப்பங்கொத்தோடு நின்றால் ஒரு பொறிகூடத் தாண்டாது. ரொம்பக் கவனமான ஆள் அவர். அவரை நகர்த்தி வைக்க வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாவாடை யூரியா வாங்க வந்தான். சோகை கொளுத்துகிறவர்களைப் போட்டோ எடுத்து அபராதம் போட ஆபீசிலிருந்து ஆள் வருவதாகச் சொன்னேன். சாயங்காலத்தில்தான் சுற்றுவார்கள், பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள், நாளைக்கே உச்சியில் முடித்துவிடு என்றேன். அப்படி ஒரு ஆபீசரும் வரவில்லை, ஒரு போட்டோவும் இல்லை. ஆனால் அபராதம் என்றால் எங்கள் ஆட்கள் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். இவன் கேட்டான். காற்று பலமாக இருக்குமே, நாராயணசாமி அண்ணனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான்.

"நான் சொல்லிட்டன்டா. வரப்புல வந்து நிக்கறன்னாரு. அந்தாண்ட நிப்பாரு, கரும்பு மறைக்கும், உனக்குத் தெரியாது. நீ பாட்டுக்கு வை" என்றேன்.

இதை அவன் உங்களிடமும் சொன்னான். கடைக்காரர்தான் சொன்னாரு என்று உங்கள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அழுதான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வருத்தமாகத் தலையை ஆட்டினேன். பயத்தில் ஏதோ உளறுகிறான் என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். வெளுத்த சட்டை போட்டு, பையில் பேனா குத்தியிருக்கிறவன் சொல்வதற்கு உங்கள் இலாகாவில் எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

பாவாடை போய் அரைமணி நேரத்தில் நாராயணசாமி வந்தார். பக்கத்து ஊர்களில் செவ்வழுகல் நோய் இறங்கியிருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்து புளிச்ச வாடை அடிக்கும், ஆலையில் கண்டுபிடித்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவ்வளவும் உண்மை. வரப்போரத்துக் கரும்பில் தெரியாது, நிலத்தின் நட்ட நடுவில்தான் ஆரம்பிக்கும், உச்சி வெயிலில் பிளந்து பார்த்தால்தான் சிவப்பு தெரியும் என்றேன். இது நான் சேர்த்தது. நாற்பது வருஷமாகக் கரும்பு வைக்கிற மனிதர், உரக்கடையில் சொன்னதும் தன் கண்ணை நம்பாமல் என் வாயை நம்பினார். எங்கள் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான். என் வியாபாரமே அதில்தான் நடக்கிறது. நாளைக்கு உச்சியில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு உனக்கு போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள். நேரத்தில் மட்டும் சின்னத் தப்பு இருக்கிறது. பாவாடை தீ வைத்தது ஒரு மணிக்கு இல்லை, பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு. என் கடை மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு மேலே போய் உட்கார்ந்திருந்தேன். முதலில் வெள்ளையாக ஒரு புகை. கீழ்க்காற்று அதை அப்படியே மேற்கே படுக்கவைத்தது. பத்து நிமிஷத்தில் புகை கறுத்தது. பச்சைத் தோகையில் பிடித்தால்தான் அந்த நிறம் வரும். வரப்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நான் யாரையும் தொடவில்லை, இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

பிறகு ஊரே ஓடியது. நானும் ஓடினேன். நானும் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு அடித்தேன். அணைக்க வந்தவர்கள் என்று உங்கள் சாட்சிப் பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. மூன்று மணிக்குத் தீ அடங்கியது. வீட்டில் நாராயணசாமியைக் காணோம் என்று அவர் சம்சாரம் சின்னப்பொண்ணு ஓடி வந்த பிறகுதான் உள்ளே போய்த் தேடினார்கள். அதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை. நீங்களே பார்த்தீர்கள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

வெள்ளிமலையில் டவர் கிடைக்காமல் இளவரசனுக்கு நாலு மணிக்குத்தான் தகவல் போனது. அவன் வந்து இறங்கியபோது நான்தான் அவன் கையைப் பிடித்தேன். உள்ளங்கையைத் தடவிப் பார்த்தேன். ஸ்டியரிங் பிடித்த காய்ப்பு மட்டும்தான் இருந்தது, ஒரு கொப்புளம் இல்லை. சின்னப்பொண்ணு என்னைப் பார்த்ததும் மறுபடி அழுதாள்.

"உன் பேச்சக் கேட்டுக்கினுதான் சங்கரு போனாரு. பயிருக்கு நோவு வந்துடப் போவுதுன்னு சோறுகூடத் துன்னல. எங்க மேல அக்கற வெச்சி நீ ஒருத்தன்தான் சொன்ன."

அதைப் புகாராகச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னாள். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, நானும் மனுஷன்தானே. பெரிய மாலையாக வாங்கிப் போட்டேன்.

ஆலை உத்தரவு சனிக்கிழமையே வந்தது. அதில் நான் பிசகவில்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன். இழவு வீட்டில் யார் வெட்டுவது. ஊர்க்காரர்கள் சேர்ந்து வெட்டி டிராக்டரில் ஏற்றினார்கள். அதில் பாதியை வெட்டியது பாவாடையின் பெண்டாட்டி ஜெயம்மாள். யாரும் கூப்பிடாமல் வந்து, யாரோடும் பேசாமல் வெட்டிவிட்டுப் போனாளாம்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து திரும்பும்போது இளவரசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். இவனுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன்.

"அண்ணே, நாளைக்கி ஆட்டத்த நீங்களே எடுத்துக்குங்க. எனக்கு இனிமே அது வாணாம்."

இதுதான் எனக்குத் தாங்கவில்லை மேடம். ஒரு வருஷம் யோசித்து, நோட்டில் எழுதி, கச்சிதமாகத் தட்டி நான் வாங்க வேண்டியதை, அவன் பிச்சை போடுகிற மாதிரி தூக்கிக் கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நான் மாடிக்குப் போனேன். குச்சி முனைக்கு சாக்பீஸ் தேய்த்தேன். ஆட்டத்தைத் தள்ளி வைக்கலாம் என்று தங்கதுரை சொன்னான். சட்டப்படி பதினைந்து நிமிஷம் எதிராளிக்குக் காத்திருக்க வேண்டும், வராவிட்டால் முடிவைச் சொல்ல வேண்டும் என்றேன். பதினைந்து நிமிஷம் மேஜை பக்கத்தில் நின்றேன். பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து கீழே போய்விட்டார்கள். கோப்பையை வாங்கியபோது மாடியில் நானும் தங்கதுரையும்தான். போட்டோ எடுக்கச் சொன்னேன். போனில் சார்ஜ் இல்லை என்றான்.

திங்கட்கிழமை பேப்பரில் செய்தி வந்தது. 'எதிர்பாராத விதமாக' என்று மூன்று இடத்தில் போட்டிருந்தான். எதிர்பாராத விதமாகத் தீ பரவியது, எதிர்பாராத விதமாக விவசாயி உள்ளே இருந்தார், எதிர்பாராத விதமாகக் காற்று வீசியது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, நீங்கள் கூப்பிட்டு, கெட்ட நேரம் என்கிறீர்கள். பாவாடை மேல் வழக்கு. கவனக்குறைவாம். அந்த ஆளுக்கு ஒரு தீப்பெட்டியை நேராகப் பிடிக்கத் தெரியாது. என் ஆட்டத்தைக் கொண்டுபோய் அவன் பெயரில் எழுதுகிறீர்கள். இளவரசன் கண்ணை மூடிக்கொண்டு அடித்து விழுந்தால் அது திறமை. நான் கண்ணைத் திறந்துகொண்டு தட்டினால் அது காற்றா. சொல்லி அடித்தால்தான் செல்லும் என்று கேட்டவன் நான். கொஞ்சம் தாமதம்தான், ஆனாலும் எந்தக் குழி என்று இப்போது சொல்கிறேன்.

இனி அந்த போன். அதைத்தானே முதலில் கேட்டீர்கள். தட்டிக் கழிக்கவில்லை, கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு நான் மொட்டைமாடியில் இருந்தேன். புகை அப்போது வெள்ளையாகத்தான் இருந்தது. வரப்பு தாண்டவில்லை. நாராயணசாமி பேசினார்.

"சங்கரு, நட்ட நடுவுல நிக்கறம்பா. நாலு கரும்பு பொளந்து பாத்துட்டன், ஒண்ணும் செவக்கல. வந்துடட்டா?"

நான் ஒன்றும் சொல்வதற்குள் அவரே மறுபடி கேட்டார்.

"இன்னாவோ பொக வாட அடிக்குதே. பாவாட கொளுத்தறானா இன்னா? சொல்லாம வெக்க மாட்டானே அவன்."

இந்த இடத்தில் யோசித்துப் பாருங்கள். அவர் வெளியே வந்தால் வரப்புக்குத்தான் ஓடுவார். ஒரு கொத்தை ஒடித்து இரண்டு அடி அடித்தால் போதும், எல்லாம் அணைந்துவிடும். உத்தரவு இல்லை, வெட்டு இல்லை, கொப்புளம் இல்லை. ஒரு வருஷ யோசனை வீண். எனக்கு இருந்தது ஒரு சில விநாடிதான். நான் ரொம்ப யோசிக்கிறவன் என்று சொன்னவன் அப்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். மேற்கே போகச் சொன்னால் வாய்க்கால் வந்துவிடும், வெளியே வந்துவிடுவார் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

"அது எங்கியோ தூரத்துலங்க, இங்க கடையாண்டகூட அடிக்குது. நீங்க இவ்ளோ தூரம் போய்ட்டு பாதியில வராதீங்க. கீழாண்ட இன்னும் பத்து சால் போயி ரெண்டு கரும்பு பொளந்து பாத்துடுங்க" என்றேன்.

"சரிப்பா. நீ சொன்னா சரி" என்றார்.

பாவாடை தீ வைத்ததும் அந்தக் கிழக்குப் பக்கம்தான் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரியும். என் மேல் என்ன பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள். பாவாடையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், இதற்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை. அவன் பெயர் இதில் எங்கும் வரக் கூடாது.

ஒன்றே ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். பிளந்த நாலு கரும்பு கிடந்த இடத்திலிருந்து கிழக்கே பதினோராவது சாலில் உடல் கிடந்ததாக உங்கள் மகஜரில் எழுதியிருக்கிறீர்கள். நான் அவரிடம் பத்து என்றுதான் சொன்னேன். மிச்சம் ஒரு சால் அவராகப் போனது, அதற்கு நான் பொறுப்பில்லை.